அமெரிக்க அதிபரின் குடியேற்ற ஆணை யாரைத் தொடும், யாரைத் தொடாது?

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. திறன்மிக்க வெளிநாட்டு ஊழியர்களை அமெரிக்க நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற பிரகடனத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 12.01 மணிக்கு அமலுக்கு வரும் என்று அதில் எழுதியிருந்தது. வணிகத் துறைச் செயலர் ஹோவர்ட் லுட்னிக், இது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை என்றார். வெளிநாட்டில் இருந்த ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லியும், உள்ளே இருந்தவர்களை எங்கும் போக வேண்டாம் என்றும் பெரிய நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பின. சான் பிரான்சிஸ்கோவில் புறப்படத் தயாராக நின்ற விமானத்திலிருந்து பயணிகள் இறங்கிக்கொண்டார்கள். ஊருக்கு வந்திருந்தவர்கள் கிடைத்த டிக்கெட்டைக் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் விளக்கம் வந்தது. ஒரே ஒரு முறை கட்டினால் போதும், புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் வழக்கம்போல் போய்வரலாம்.

பதறியவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரகடனத்தின் வாசகமே இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தது, செயலர் லுட்னிக்கும் தவறாகச் சொன்னார். ஆனால் இப்படி ஓர் ஆணை வரும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: "சட்டம் மாறிடுச்சாம்", "எல்லாரையும் அனுப்பிடுவாங்களாம்". அதிபர் கையெழுத்திட்டால் சட்டம் மாறுவதில்லை. ஒன்றுமே ஆகாது என்று இருந்துவிடவும் முடியாது. ஓர் ஆணை எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்று பார்த்தால், அது யாரைத் தொடும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆணை யாருக்கு எழுதப்படுகிறது?

ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு அரிசி என்பதற்குச் சட்டம் இருக்கிறது. மேலதிகாரி கடை ஊழியருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார்: நாளை முதல் கைரேகை வைத்தால்தான் பொருள் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் ஊழியருக்கு எழுதியது, கார்டுதாரருக்கு அல்ல. ஆனால் ரேகை தேய்ந்துபோன பாட்டி வரிசையில் நின்றால், வெறும் பையோடு வீடு திரும்புவது அவர்தான். அதே சமயம், சட்டம் கொடுத்த கார்டை அந்தச் சுற்றறிக்கையால் ரத்து செய்ய முடியாது. போன மாதம் வாங்கிய அரிசியைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

நிர்வாக ஆணையும் இப்படித்தான். அமெரிக்க அதிபர் தனக்குக் கீழே உள்ள அரசுத் துறைகளுக்கு எழுத்தில் தரும் கட்டளை அது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வெளியுறவுத் துறை, நீதித் துறை ஆகியவற்றின் அதிகாரிகள்தான் அதைப் படித்து அதன்படி நடக்க வேண்டியவர்கள். உங்கள் பெயரோ உங்கள் விசா எண்ணோ அதில் இருக்காது. ஆனால் நீங்கள் நாளை எந்த கவுண்டரில் போய் நிற்கிறீர்களோ, அந்த கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரின் கையைக் கட்டுவதோ அவிழ்ப்பதோ அந்த ஆணைதான்.

இந்தக் கட்டுரையில் குடியுரிமை இல்லாதவர் என்று சொல்லும்போது நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்ற கிரீன் கார்டுகாரர், எச்-1பி ஊழியர், மாணவர், சுற்றுலா வந்தவர், அகதி, ஆவணம் இல்லாமல் தங்கியிருப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். செய்திகள் இவர்களை ஒரே கூட்டமாகப் பேசும். ஆணைகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

குடியேற்றச் சட்டத்தை இயற்றுவது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது 1952-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டம். அதில் 212(எஃப்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டவரில் ஏதாவது ஒரு பிரிவினரின் வருகை நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால், அவர்கள் நுழைவதைத் தனக்குத் தேவையெனத் தோன்றும் காலம் வரை நிறுத்திவைக்கலாம், அல்லது அதற்கு நிபந்தனை விதிக்கலாம் என்கிறது அது. 2017-இன் பயணத் தடை, 2020-இன் வேலை விசா நிறுத்தம், 2025-இன் ஒரு லட்சம் டாலர் எல்லாம் முக்கியமாக இந்தப் பிரிவில்தான் நிற்கின்றன.

அந்தப் பிரிவில் கவனிக்க வேண்டியது, அது நுழைவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. உள்ளே சட்டப்படி இருப்பவரின் தங்கும் உரிமையை ரத்து செய்யும் அதிகாரத்தை அது தரவில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சட்டம் இயற்றிய அதே 1952 ஜூன் மாதத்தில்தான் அதிபரின் ஆணைக்கு எல்லை வகுத்த புகழ்பெற்ற தீர்ப்பும் வந்தது. கொரியப் போர் நேரம். வேலைநிறுத்தத்தால் எஃகு உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்று எஃகு ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார். காங்கிரஸ் கொடுக்காத அதிகாரத்தை அதிபர் ஆணை போட்டு உண்டாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தடுத்தது.

ஆகவே ஆணையால் முடியாதவை எவை என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். எச்-1பிக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற வரம்பைச் சட்டம் வைத்திருக்கிறது. கிரீன் கார்டில் ஒரு நாட்டினருக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் சட்டம். இந்தியர்கள் பல்லாண்டுகளாக அந்த வரிசையில் நிற்பதற்குக் காரணம் அதுதான். அந்த வரிசையை ஓர் ஆணை ஒரே நாளில் தீர்த்துவிடும் என்று யாராவது வீடியோ போட்டால் நம்ப வேண்டாம்.

எல்லாமே நிர்வாக ஆணை இல்லை

அதிபர் போடும் கையெழுத்தில் பல வகை உண்டு. நிர்வாக ஆணை ஒன்று. பிரகடனம் இன்னொன்று. 212(எஃப்) பிரிவின்கீழ் நுழைவைத் தடுப்பது இப்போது பெரும்பாலும் பிரகடனமாகத்தான் வருகிறது. உங்கள் வாழ்க்கையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் தருவது விதி. விதி என்பது சட்டத்தை நடைமுறைப்படுத்தத் துறை எழுதி, அரசிதழில் வெளியிட்டு, வழக்கமாகப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு இறுதியாக்குவது. 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் இந்த வழியை வகுத்திருக்கிறது. விதியாக வந்ததை மாற்ற மறுபடியும் விதியாகவே வர வேண்டும். எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்குத் தருவது எச்-4 விசா. அதில் இருக்கும் மனைவியரிலும் கணவர்மாரிலும் ஒரு பகுதியினர் வேலை செய்ய அனுமதிக்கும் அட்டையான எச்-4 இஏடி 2015-இல் இப்படி விதியாக வந்தது. அதை எடுத்துவிடுவோம் என்று டிரம்பின் முதல் ஆட்சியில் அறிவித்தார்கள். நான்கு ஆண்டு முடிந்தும் அது நடக்கவில்லை. 2017 ஏப்ரலில் அவர் போட்ட, அமெரிக்கரையே வேலைக்கு எடுங்கள் என்ற ஆணைகூட, எச்-1பிக்குப் புதிய விதிகளைப் பரிந்துரையுங்கள் என்று துறைகளிடம் சொன்னதே தவிர, கையெழுத்திட்ட அன்று எவருடைய விசாவையும் மாற்றவில்லை.

ஆனால் விதி என்றால் எப்போதும் மெதுவாகத்தான் வரும் என்றும் எண்ண வேண்டாம். 2025 அக்டோபர் 30 முதல், வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் நீட்டிப்பை நிறுத்தினார்கள். கருத்துக் கேட்டுக் காத்திருக்காமல் உடனே அமலான இடைக்கால விதி அது. எச்-4 இஏடி வைத்திருந்த பலருக்கு அடிவயிறு கலங்கியது அன்றுதான். புது அட்டை கைக்கு வருவதற்குள் பழையதன் தேதி முடிந்தால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். அதிபரின் ஆணையைப் போலத் தொலைக்காட்சியில் அது பெரிதாக அடிபடவும் இல்லை.

சிறுவயதில் ஆவணம் இல்லாமல் அழைத்துவரப்பட்டவர்களை நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றும் டாக்கா திட்டத்தையும் ஒபாமாவின் நிர்வாக ஆணை என்றே பலரும் சொல்கிறார்கள். அது 2012-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் எழுதிய ஒரு குறிப்பாணை. அவ்வளவு லேசான காகிதத்தைக்கூடக் காரணத்தைச் சரியாக ஆராயாமல் ரத்து செய்தது செல்லாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சட்டம் காங்கிரஸுடையது, விதி துறையுடையது, ஆணை அதிபருடையது. ஆணை மற்ற இரண்டுக்கும் உட்பட்டது. ஆனால் மூன்றிலும் வேகமாக வருவது அதுதான்.

எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். நம்மவர்கள் அதிகம் அடிபட்டதும் இங்கேதான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா, வாசலில் வந்து நின்று நுழைய அனுமதி கேட்பதற்கானது. உள்ளே வந்தபின் எந்த வகையில், எந்தத் தேதிவரை இருக்கலாம் என்பதைக் காட்டுவது ஐ-94 என்ற பதிவு. அதைத் தங்கும் நிலை என்பார்கள். விசா முடிந்துவிட்டது, தங்கும் நிலை செல்லும் என்ற கட்டத்தில் பல்லாயிரம் பேர் அமெரிக்காவில் சட்டப்படி வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நாட்டை விட்டு வெளியே வராதவரை அவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஊருக்கு வந்தால் தூதரகத்தில் ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா, போட்டுக்கொண்டுதான் திரும்ப முடியும். நுழைவைத் தடுக்கும் ஆணை பிடிப்பது அந்த இடத்தில்தான்.

2020 ஜூன் 22 பிரகடனத்தைப் பாருங்கள். எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாக்காரர்களின் நுழைவை நிறுத்தியது. யாருக்கு? அமலான அன்று அமெரிக்காவுக்கு வெளியே இருந்து, கையில் செல்லுபடியாகும் விசா இல்லாதவர்களுக்கு. உள்ளே இருந்தவர்களைத் தொடவே இல்லை. ஸ்டாம்பிங்குக்காக ஊருக்கு வந்து, கொரோனாவால் தூதரகங்கள் மூடியதில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் அது நேராகத் தாக்கியது. வாடகை வீடு, கார் கடன், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே, ஆள் இங்கே. 2021 மார்ச் 31 வரை அது நீடித்தது.

2025-இன் ஒரு லட்சம் டாலரும் இதே கோட்டில்தான் நின்றது. அக்டோபர் 20 அன்று குடியேற்றச் சேவைத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பேர். ஒருவர் டெக்சாஸில் எம்.எஸ். முடித்துவிட்டு மாணவர் விசாவில் அங்கேயே இருக்கிறார். அவருக்காக நிறுவனம் எச்-1பி விண்ணப்பம் போட்டு, உள்ளே இருந்தபடியே தங்கும் நிலையை மாற்றிக்கொண்டால், அந்தக் கட்டணம் இல்லை. இன்னொருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், எச்-1பி விசா இதுவரை எடுத்ததில்லை. அதே நிறுவனம் அதே வேலைக்கு விண்ணப்பித்தால், ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். கட்ட வேண்டியது நிறுவனம்தான், ஆனால் அந்தத் தொகையைப் பார்த்ததும் வேறு ஆளைத் தேடும். டெக்சாஸ்காரருக்கும் ஒரு பொறி உண்டு. நிலை மாற்றத்துக்கு அனுமதி வருவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டால், அவரும் கோயம்புத்தூர்க்காரரின் வரிசைக்கு வந்துவிடுவார்.

உள்ளே இருப்பவருக்கு இவ்வளவு பாதுகாப்பு ஏன்? அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. குடிமகன் என்று சொல்லவில்லை, நபர் என்கிறது. எல்லைக்குள் இருக்கும் வெளிநாட்டவரும் அந்த நபரில் அடக்கம் என்று 2001-இலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வெளியே, தூதரக வரிசையில் நிற்பவருக்கு அந்தக் கவசம் கிட்டத்தட்ட இல்லை. விசா மறுத்தால் வழக்குப் போட வழி மிகக் குறைவு.

கிரீன் கார்டு நடுவில் நிற்கிறது. 2017 ஜனவரி 27-இல் ஏழு நாட்டினருக்கு நுழைவைத் தடுத்த ஆணையை முதலில் கிரீன் கார்டுகாரர்கள்மீதும் பாய்ச்சினார்கள். கையெழுத்து விழுந்தபோது வானத்தில் இருந்தவர்கள், இறங்கியதும் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த ஈராக்கியர் ஒருவரையே நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். கிரீன் கார்டுகாரர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் வெள்ளை மாளிகையிலிருந்து வர பிப்ரவரி 1 ஆனது. அதன்பின் வந்த தடைகள், 2025 ஜூனில் 12 நாட்டினரை முழுதாகவும் 7 நாட்டினரைப் பாதியாகவும் தடுத்தது உட்பட, கிரீன் கார்டுகாரர்களுக்கு வெளிப்படையாகவே விலக்கு எழுதிவைத்தன.

ஆணையே இல்லாமலும் இந்த வாசல் குறுகலாம். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பார்ப்போம் என்றது வெளியுறவுத் துறை. உடனே சென்னை உள்ளிட்ட, இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களில் டிசம்பர் விசா நேர்காணல்கள் பல மாதம் தள்ளிப்போயின. இரண்டு வார விடுப்பில் வந்தவர்கள் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. துறையின் உத்தரவு ஒன்றே அதற்குப் போதுமாக இருந்தது.

நீதிமன்றம் தடுத்தால் யாருக்குத் தடை?

2017 ஆணையை சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் ஒரே வாரத்தில் நாடு முழுவதும் நிறுத்திவைத்தார். அரசு இரண்டு முறை திருத்தி எழுதியது. மூன்றாவது வடிவத்தை 2018 ஜூன் 26-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. 212(எஃப்) பிரிவு ஒவ்வொரு வாக்கியத்திலும் அதிபருக்கே இடம் விடுகிறது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நுழைவுத் தடைகளை நீதிமன்றத்தில் உடைப்பது கடினமானது அதற்குப் பிறகுதான். ஒரு லட்சம் டாலர் வழக்கிலும், 2025 டிசம்பரில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

பிறப்புக் குடியுரிமை வேறு கதை. 2025 ஜனவரி 20 ஆணை, தாய் தற்காலிக விசாவிலோ ஆவணம் இல்லாமலோ இருந்து, தந்தையும் குடிமகனோ கிரீன் கார்டுகாரரோ இல்லையென்றால், 30 நாளுக்குப் பிறகு அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது. எச்-1பி, எச்-4 தம்பதியர் நேராக இதற்குள் வருகிறார்கள். கெடு முடிவதற்குள் அறுவை செய்து குழந்தையை எடுத்துவிடலாமா என்று மருத்துவர்களைக் கேட்ட இந்தியப் பெண்களைப் பற்றிச் செய்தி வந்தது. படிக்கவே மனம் பதறியது.

இந்த ஆணை மோதுவது, அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர் குடிமகன் என்று சொல்லும் 1868-இன் பதினான்காவது திருத்தத்தோடு. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனா போய்த் திரும்பியபோது நீ குடிமகன் அல்ல என்று தடுக்கப்பட்டார். வழக்காடினார். அவர் பிறப்பாலேயே குடிமகன் என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதனால்தான் 2025 ஆணை வந்த மூன்றாம் நாளே, இது வெளிப்படையாக அரசியலமைப்புக்கு எதிரானது என்று சொல்லி நீதிபதி ஜான் கூனவர் அதைத் தடுத்தார்.

ஆனால் 2025 ஜூன் 27-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது. மாவட்ட நீதிபதி ஒருவர் வழக்குப் போட்டவரைத் தாண்டி, நாடு முழுவதற்கும் தடை கொடுப்பது அதிகாரத்தை மீறியதாகும் என்றது. அன்றைக்கு நம் தொலைக்காட்சிகளில் பிறப்புக் குடியுரிமையே போய்விட்டதாக ஓடியது. அந்தத் தீர்ப்பு குடியுரிமையைப் பற்றி ஒரு சொல்லும் தீர்க்கவில்லை. அன்றே நியூ ஹாம்ப்ஷயரில் வகுப்பு வழக்கு வந்தது. ஒரே நிலையில் உள்ள அத்தனை பேருக்காகவும் ஒருசிலர் தொடுப்பது வகுப்பு வழக்கு. அதன் மூலம் இரண்டு வாரத்தில் ஆணை மறுபடியும் நின்றது. ஆணை செல்லுமா என்ற உண்மையான கேள்வியை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது 2025 டிசம்பர் 5-இல்தான்.

இங்கே பிடித்துக்கொள்ள வேண்டியது: தடை என்ற செய்தி வந்தால், அது யாருக்கான தடை, எந்தக் கேள்வியின்மேல் என்று பார்க்க வேண்டும். தடை தற்காலிகமானது. மேல் நீதிமன்றம் விலக்கினால் ஆணை உயிர்பெறும்.

தூசி தட்டி எடுத்த சட்டம்

சில ஆணைகள் புதிதாக எதையும் கேட்பதில்லை. சட்டப் புத்தகத்தில் கிடந்ததை இனி கண்டிப்பாகச் செயல்படுத்துங்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லும். இவை உள்ளே இருப்பவர்களைத் தொடுபவை.

வெளிநாட்டவர் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் 1940 முதல் இருக்கிறது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜனவரி 20-இல் போட்ட இன்னோர் ஆணை அதை அமலாக்கச் சொன்னது, ஏப்ரல் 11-இல் அதற்கான விதியும் நடைமுறைக்கு வந்தது. விசாவில் வந்து ஐ-94 வாங்கியவர்களும் கிரீன் கார்டுகாரர்களும் ஏற்கெனவே பதிவானவர்களாகக் கருதப்படுவார்கள். 18 வயது நிறைந்தவர்கள் அந்த ஆதாரத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

நம் குடும்பங்கள் தவறவிடுவது பிள்ளைகளைத்தான். எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்கு அங்கே 14 வயது ஆனால், முன்பு பதிவாகியிருந்தாலும், பிறந்தநாளிலிருந்து 30 நாளுக்குள் மறுபடி பதிவு செய்து கைரேகைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது. இணையத்தில் ஜி-325ஆர் என்ற படிவம் அதற்கு இருக்கிறது. இதற்கு யாரும் நினைவூட்டுக் கடிதம் அனுப்ப மாட்டார்கள்.

அடுத்த ஆணை வரும் இரவில்

வெள்ளை மாளிகையின் இணையதளத்தில் முழு வாசகமும் அன்றே வந்துவிடும். பெரும்பாலும் சில பக்கம்தான். முன்னுரையில் இருக்கும் அரசியலைத் தாண்டி நேராகப் பிரிவுகளுக்குப் போங்கள். எந்தச் சட்டப் பிரிவைச் சொல்கிறது, நுழைவைத் தடுக்கிறதா அல்லது துறைகளை விதி எழுதச் சொல்கிறதா, எந்தத் தேதி எந்த மணியிலிருந்து, யாருக்கு விலக்கு என்பவற்றைத் தேடுங்கள். முடிவுத் தேதியையும் பாருங்கள். ஒரு லட்சம் டாலர் பிரகடனம் 12 மாதத்துக்கு மட்டும் போடப்பட்டது, நீட்டித்தால்தான் தொடரும்.

நுழைவுத் தடை என்றால், உள்ளே இருப்பவர்கள் துறையின் வழிகாட்டுதல் வரும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. வெளியே இருப்பவர்கள் டிக்கெட் வாங்குமுன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதில் ஒன்றைக் கவனியுங்கள். எச்-1பி விண்ணப்பம் நிறுவனத்துடையது, அதற்கான வழக்கறிஞரை வைப்பதும் நிறுவனம்தான். நிறுவனத்துக்கு எது நல்லது என்று அவர் சொல்வார். மனைவியின் இஏடி, மகளின் பதிவு, அப்பாவின் உடல்நிலைக்காக ஊருக்குப் போகலாமா என்ற கேள்விகளுக்கு, ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்தாவது உங்களுக்கென்று தனியாக ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். போகும்போது ஐ-94, விண்ணப்பம் ஏற்கப்பட்டதைக் காட்டும் ஐ-797 அறிவிப்பு, பாஸ்போர்ட்டின் விசாப் பக்கம் மூன்றையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.